வேலுக்கு முன்னால் வைத்த டின்கள்

பிரசாதத்தைத் தட்டிவிட்டவள் என்று எங்கள் தெருவில் எனக்கு ஒரு பேர் இருக்கிறது. தட்டிவிட்டது உண்மைதான். மறுபடியும் அதே இடத்தில் கொண்டுபோய் நிறுத்தினாலும் தட்டிவிடுவேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இவள் எங்கேயோ மனசு மாறி, கடைசியில் கன்னத்தில் போட்டுக்கொள்வாள் என்று யாரும் காத்திருக்க வேண்டாம்.

நான் எட்டாவது வரைக்கும் படித்தவள். எங்கள் ஊர் வெண்ணந்தூர்ப் பக்கம். வீட்டின் முன்பக்கம் விசைத்தறி ஓடுகிறது, பின்பக்கம் நாங்கள் குடியிருக்கிறோம். காலையில் குளித்து, விளக்கேற்றி, முருகன் படத்துக்கு ஒரு பூவாவது வைத்த பிறகுதான் என் வீட்டுக்காரர் தறியின் சுவிட்சைப் போடுவார். கிருத்திகை வந்தால் விரதம், சஷ்டி வந்தால் விரதம். இதையெல்லாம் பெருமைக்காகச் சொல்லவில்லை. "அந்தம்மா சாமி இல்லைங்கற கட்சியில சேந்துருச்சாட்ட இருக்குது" என்று ஒருத்தர் டீக்கடையில் பேசியது என் காதுக்கு வந்தது. அதனால் சொல்ல வேண்டியதாகிவிட்டது.

தைப்பூசத்துக்கு எங்கள் தெருக்காரர்கள் பழனிக்கு நடந்து போவது வழக்கம். மாலை போட்டுவிட்டால் பிறகு யாருக்கும் பேர் கிடையாது. பள்ளிக்கூடம் போகிற பிள்ளையும் சாமி, பல் போன கிழவரும் சாமி. ஒரு வேளைச் சாப்பாடு, செருப்பு கிடையாது. எங்களுக்கு முன்னால் ஒரு குட்டியானை, அதாவது சின்ன லோடு வண்டி, மெதுவாகப் போகும். அதில் பலகை போட்டு, பட்டு விரித்து, முருகனின் வேலை நிமிர்த்தி வைத்திருப்போம். மாலை போட்டுவிடுகிறவரும், கற்பூரம் காட்டுகிறவரும், எங்கே உட்கார வேண்டும், எங்கே எழ வேண்டும் என்று சொல்லுகிறவரும் குருசாமி. பலசரக்குக் கடை வைத்திருப்பவர். நல்ல மனுஷர். யாரையும் பகைத்துக்கொள்ளத் தெரியாதவர், அதுதான் அவரிடம் உள்ள கஷ்டம்.

என் பொறுப்பு பானகம். வெல்லத்தை உடைத்து ஊறவைத்து வடிகட்டி, எலுமிச்சை பிழிந்து, சுக்கும் ஏலக்காயும் தட்டிப் போட்டு, ஒரு சிட்டிகை உப்பு. நான் கல்யாணமாகி வந்த வருசத்திலிருந்து அந்த அண்டா என்னுடையது.

நாங்கள் பொருள் வாங்குகிற முறையையும் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் நடந்தது புரியாது. யார் எதை உபயமாகக் கொடுத்தாலும், வாழைப்பழமோ பொரியோ பானகமோ, முதலில் வண்டியில் வேலுக்கு முன்னால் உள்ள பலகையில் வைக்க வேண்டும். குருசாமி கற்பூரம் காட்டுவார். அந்த நிமிஷத்திலிருந்து அது கொடுத்தவருடைய பொருள் இல்லை, பிரசாதம். வலது கையில் வாங்கி, கண்ணில் ஒற்றிக்கொண்டு, சிந்தாமல் சாப்பிட வேண்டும். வேண்டாம் என்று சொல்லக் கூடாது. பிள்ளைகளுக்கு அப்படித்தான் சொல்லி வளர்த்திருக்கிறோம். அது சரியான வளர்ப்பு என்றுதான் இன்றைக்கும் சொல்லுவேன்.

போன தைக்கு முந்தின தையில் என் மகள் ஏழாவது படித்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு அதுதான் முதல் நடை. அந்த வருசம் ரிக் லாரிக்காரர் உபயம் கொடுக்க வந்தார். எங்கள் தெருவிலேயே பிறந்து, தறி வேண்டாம் என்று திருச்செங்கோட்டுக்குப் போய், போர்வெல் வண்டி வாங்கி முன்னேறியவர். அவருடைய வண்டிகள் வடக்கே எங்கெங்கோ போய்ப் போர் போடுகின்றன. நான் அவரை அண்ணா என்றுதான் கூப்பிடுவேன். கோயில் காரியம் என்றால் கையை மடக்கத் தெரியாதவர். விடியற்காலையில் ஜீப்பிலிருந்து பெட்டி பெட்டியாக இறக்கினார். உள்ளே பளபளவென்று டின்கள்.

"ஏனுங் சாமி, பீர் டின்னாட்ட இருக்குது?" என்றார் ஒரு பெரியவர்.

"வாயைக் கழுவுங்க சாமி. எனர்ஜி டிரிங்க்குங்க இது. வடக்க எங்க ரிக்குப் பசங்க ராவெல்லாம் கண்ணு முழிச்சு ஓட்டறாங்கன்னா எதுனாலங்கறீங்க? இதுதானுங்க. ஒரு டின்னு உள்ள போச்சுன்னா காலு தானா நடக்கும்."

என் அண்டாவைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்தார். "கோவிச்சுக்காதே அம்மிணி. உன்ற பானகத்தைக் குடிச்சா பழனி வரைக்கும் போலாம். இதைக் குடிச்சா திரும்பியும் நடந்தே வந்துரலாம்."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவர் பெட்டிகளைப் பலகையில் ஏற்றினார். குருசாமி கற்பூரம் காட்டினார். அரோகரா போட்டோம். பெரியவர்களுக்கு ஒன்று, பிள்ளைகளுக்கு ஒன்று என்று கொடுத்தார்கள். பிள்ளைகள் கண்ணில் ஒற்றிக்கொண்டதைப் பார்க்க வேண்டும். பஞ்சாமிர்தத்தைக்கூட அவ்வளவு பக்தியாக ஒற்றியிருக்க மாட்டார்கள்.

முதல் நாள் நடை திருச்செங்கோடு வரைக்கும். பிள்ளைகள் அன்றைக்கு நடக்கவில்லை, ஓடினார்கள். வண்டிக்கு முன்னால் போய்விட்டு, நாங்கள் வரும்வரை புளியமரத்தடியில் குதித்துக்கொண்டு நின்றார்கள். ரிக்காரர் என் பக்கத்தில் வந்து, "பாத்தயா அம்மிணி" என்று புருவத்தைத் தூக்கினார். அடுத்து உட்கார்ந்த இடத்தில் மறுபடியும் ஆளுக்கு ஒன்று. பிள்ளைகள் வயிற்றில் அதுவரைக்கும் வேறு ஒன்றும் போகவில்லை. விரதம், மத்தியானம்தான் சாப்பாடு. நான் அண்டாவோடு பின்னால் இருந்தேன். என் மகள் எத்தனை வாங்கினாள் என்று எனக்குத் தெரியாது.

மல்லசமுத்திரம் தாண்டி ஒரு தோப்பில் மத்தியானச் சாப்பாட்டுக்கு நிறுத்தினோம். நான் இலை அலம்பிக்கொண்டிருந்தேன். திடீரென்று உடுக்கைச் சத்தம். யாரோ குலவை போட்டார்கள். "அருள் வந்துருச்சு, சின்னச் சாமிக்கு அருள் வந்துருச்சு" என்று சொல்லிக்கொண்டு ஆட்கள் ஓடினார்கள். யாருக்கு என்று நானும் ஈரக் கையோடு எட்டிப் பார்த்தேன். நடுவில் என் மகள்.

கை இரண்டும் நடுங்குகிறது. உதடு நடுங்குகிறது. முகமெல்லாம் வேர்வை. தலை தானாக ஆடுகிறது. நெற்றியில் அப்பிய விபூதி வேர்வையில் கரைந்து கண்ணுக்குள் இறங்குகிறது. ரிக்காரர் அவள் காலடியில் நெடுஞ்சாண்கிடையாகக் கிடந்தார். எழுந்து கைகூப்பிக் கேட்டார்.

"சாமி, புதுசா ஒரு பாயிண்ட்டுல நாளைக்குப் போர் போடறோம். தண்ணி வருமுங்களா சாமி?"

அவள் தலை ஆடிக்கொண்டே இருந்தது.

"ஆமாங்குது. ஆமாங்குது பாருங்க."

"அம்மா" என்றாள் அவள். "அம்மா, நெஞ்சு அடிக்குது."

"அம்மான்னு சொல்லுதுங்க. அப்ப வந்திருக்கறது முருகன் இல்லீங்க, அம்மன்" என்றார் பீர் டின்னா என்று கேட்ட பெரியவர்.

"முருகன் அம்மான்னு கூப்பிட மாட்டானா? அவனுக்குந்தான் அம்மா இருக்குது" என்றது இன்னொரு குரல். அந்த நேரத்திலும் அவர்களுக்கு அது ஒரு வழக்காக இருந்தது.

அருள் வருவதை நான் நம்புகிறவள். என் சின்னம்மாவுக்கு ஆடி மாசம் வரும். சின்ன வயசிலிருந்து பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். வந்துவிட்டால் அவள் கண் ஒருத்தரையும் பார்க்காது. பெற்ற பிள்ளை எதிரே நின்றாலும் யாரோ எவரோதான். என் மகளுடைய கண் கூட்டத்தில் அலைந்துகொண்டிருந்தது. என்னைத் தேடிக்கொண்டிருந்தது. சாமி வந்தவள் அம்மாவைத் தேடமாட்டாள்.

நான் உள்ளே போவதற்குள் ரிக்காரர் ஒரு டின்னை உடைத்து, "சாமிக்குத் தாகமாட்ட இருக்குது, பிரசாதம் குடுங்க" என்று அவள் வாயருகே கொண்டுபோனார். அப்போதுதான் தட்டிவிட்டேன். டின் பறந்து போய் மண்ணில் விழுந்து, நுரைத்துக்கொண்டு ஓடியது. உடுக்கை நின்றுவிட்டது.

"இது சாமி இல்லீங்க. என்ற புள்ளைங்க" என்றேன்.

அவள் நெஞ்சில் கை வைத்தேன். ஜாக்கெட் தைக்கிற மெஷின் ஓடுகிற மாதிரி அடித்தது. தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு ரோட்டுக்கு வந்தேன். பின்னால் யாரோ, "எறங்கற சாமியைத் தூக்கிட்டுப் போவாதீங்க, குத்தமாயிரும்" என்றார்கள். குற்றம் வரட்டும், முதலில் ஆட்டோ வரட்டும் என்று நினைத்துக்கொண்டேன். என் வீட்டுக்காரர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ரோட்டின் நடுவில் நின்று ஓர் ஆட்டோவை நிறுத்தினார். போகிற வழியில் ஆட்டோவிலேயே இரண்டு முறை வாந்தி எடுத்தாள்.

பக்கத்திலிருந்த ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒரு டாக்டரம்மா இருந்தது. சின்ன வயசு. மாலையையும் விபூதியையும் பார்த்துவிட்டு, "வெறும் வயிறா?" என்றுதான் முதலில் கேட்டது. நெஞ்சில் ஒயரை ஒட்டிப் பேப்பர் எடுத்தார்கள். என்ன குடித்தாள் என்று கேட்டார்கள். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. என் வீட்டுக்காரர் என்ன நினைத்தாரோ, வரும்போது மண்ணில் கிடந்த அந்த டின்னை எடுத்து மடியில் செருகிக்கொண்டு வந்திருந்தார். அதை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

"இது எத்தனைம்மா குடிச்சே?"

"மூணு" என்றாள் என் மகள். "ஒண்ணு எங்கூட வந்த புள்ள வேண்டாம்னு என்ற கையில குடுத்துட்டா. பிரசாதத்தை வீணாக்கக் கூடாதில்லீங்க."

டாக்டரம்மா டின்னைத் திருப்பி என்னிடம் நீட்டியது. "இங்க பாருங்க. கம்பெனிக்காரனே போட்டிருக்கான்." எறும்பு வரிசை மாதிரி இங்கிலீஷ் எழுத்து. எனக்கு எழுத்துக் கூட்டத்தான் தெரியும். அதுவே படித்துச் சொன்னது. குழந்தைகளுக்கு வேண்டாம், பிள்ளைத்தாய்ச்சிகளுக்கு வேண்டாம், பால் கொடுக்கிறவர்களுக்கு வேண்டாம்.

"விஷமாங்க?" என்று கேட்டேன்.

"விஷம்னு சொல்லலம்மா. காப்பியில இருக்கிற காஃபின்தான், அதோட ஒரு குவியல் சர்க்கரை. பெரியவங்களுக்கே இதுக்கு ஓர் அளவு இருக்கு. சின்னப் பிள்ளைங்களுக்கும் வயசுப் பிள்ளைங்களுக்கும் கொடுக்க வேண்டாம்னுதான் நாங்க சொல்லுவோம். நெஞ்சு வேகமா அடிக்கும், கை நடுங்கும், பிரஷர் ஏறும், தூக்கம் கெடும். சில பிள்ளைங்களுக்கு ஒண்ணுமே தெரியாது. சிலருக்குப் பிறவியிலேயே இருதயத்துல சின்னக் கோளாறு இருக்கும், பெத்தவங்களுக்கே தெரிஞ்சிருக்காது. அந்தப் பிள்ளைங்களுக்கு இது ஆபத்து. எந்தப் பிள்ளை எப்படின்னு பார்க்கிறதுக்காகக் குடிக்க வெச்சுப் பார்க்க முடியுமா?"

என் மகளுக்கு இருதயத்தில் கோளாறு ஒன்றும் இல்லை. சாயங்காலத்துக்குள் நடுக்கம் நின்றது. செத்துப் பிழைத்தாள் என்று கதை கட்ட எனக்கு விருப்பமில்லை. அன்றைக்குக் குடித்த பிள்ளைகள் எல்லாருக்கும் இப்படி ஆகவுமில்லை. சில பிள்ளைகள் ராத்திரி தூங்காமல் புரண்டார்கள், ஒருத்திக்குத் தலைவலி, மற்றவர்களுக்கு ஒன்றும் இல்லை. அதையும் சேர்த்துச் சொல்லாவிட்டால் நான் பொய் சொன்னவளாவேன். ஆனால் அப்படி ஆன ஒரு பிள்ளை என் பிள்ளை. அவள் நெஞ்சு என் உள்ளங்கைக்குள் அடித்தது.

நாங்கள் அந்த வருசம் பழனிக்குப் போகவில்லை. ஊர் திரும்பி மாலையைக் கோயிலில் கழற்றினோம்.

பழனி போய் வந்தவர்கள் ஒரு செய்தியோடு வந்தார்கள். ரிக்காரர் போட்ட போரில் தண்ணீர் வந்துவிட்டது. இரண்டு இஞ்சு. அவர் தெருத் தெருவாகச் சொன்னார். "அந்தப் புள்ளைக்குச் சாமி வந்துச்சுங்க. நான் கேட்டேன், தலையாட்டுச்சு. மறுநாளே ரெண்டு இஞ்சுத் தண்ணி. அந்தம்மா இடையில புகுந்து சாமியை எறக்கி உட்டுருச்சு. இல்லாட்டி மூணு இஞ்சு வந்திருக்கும்."

அதற்குமேல் என் பேச்சு எங்கே எடுபடும்? டாக்டர் சொன்னார் என்று சொன்னால், டாக்டருக்குச் சாமியைப் பற்றி என்ன தெரியும் என்றார்கள். எனக்கு டாக்டர் சாமி என்று பேர் வைத்தார்கள். பைப்படிக்குக் குடத்தோடு போனால், "டாக்டர் சாமி வருது, அந்தக் காப்பித் தம்ளரை மறைச்சு வையி" என்று ஒருத்தி சொல்ல, நாலு பேர் சிரிப்பார்கள். பள்ளிக்கூடத்தில் என் மகளை டின் சாமி என்றார்கள். அவள் ஒரு வாரம் என்னோடு சரியாகப் பேசவில்லை. "நீ பேசாம இருந்திருந்தா எல்லாரும் என்னைக் கும்பிட்டுட்டு உட்டிருப்பாங்க" என்றாள் ஒரு நாள். கும்பிட்டபடியே நாலாவதையும் ஐந்தாவதையும் ஊற்றியிருப்பார்கள் என்று நான் சொல்லவில்லை. சோற்றைப் போட்டுவிட்டு உள்ளே வந்துவிட்டேன்.

காப்பி விஷயத்தில் மட்டும் அவர்கள் கேட்டது நியாயம். நம் வீட்டில் பிள்ளைக்குக் காப்பி கொடுக்கிறோமே, அது என்ன என்று என்னையே கேட்டுக்கொண்டேன். பரீட்சைக்கு முன் ஒரு தடவை காய்ச்சலுக்காக அதே டாக்டரம்மாவிடம் போனபோது அதையும் கேட்டுவிட்டேன். அதுவும் குறைவாகத்தான் இருக்க வேண்டும் என்றது. பிறகு சிரித்துக்கொண்டே, "சூடான காப்பியை ஊதி ஊதிக் குடிக்கணும், கசக்கும், அரைத் தம்ளரோட வெச்சிருவாங்க. இதை ஜில்லுனு வெச்சா ஒரே மூச்சுல உள்ள போயிரும்" என்றது. அன்றிலிருந்து என் மகளுக்குப் பாலில் நிறத்துக்குத்தான் டிகாஷன். அதற்கும் அவள் முகத்தைத் தூக்கிக்கொள்கிறாள், தூக்கட்டும்.

ஆனால் பிரசாதத்தை மறுத்தவள் என்ற சொல் மட்டும் எனக்குள் உறுத்தியது. மற்ற ஏச்சுக்கு நான் பயந்தவளில்லை. இதற்குப் பயந்தேன். விளக்கேற்றிய கையோடு முருகன் படத்துக்கு முன்னால் நின்று கேட்டேன். உனக்கு முன்னால் வைத்ததை நான் தட்டியது குற்றமா? எத்தனையோ காலை கேட்டேன். அவன் ஒன்றும் சொல்லவில்லை. குற்றம் என்றும் சொல்லவில்லை. அதையே எனக்குச் சாதகமாக எடுத்துக்கொண்டேன். அவன் குழந்தையாகவே நிற்கிறவன். குழந்தைக்கு ஆகாத ஒன்றைக் குழந்தைக்கு முன்னால் கொண்டுபோய் வைத்தது என் குற்றமில்லை.

மறு தைக்கு மாலை போடுவதற்கு முன்னால் பாவடியில் கூட்டம் போட்டார்கள். பாவடி என்பது எங்கள் ஆட்கள் அந்தக் காலத்தில் தறிக்குப் பாவு நூல் நீட்டிய மைதானம். இப்போது கூட்டமும் கல்யாணப் பந்தலும் அங்கேதான். குருசாமி உபயங்களைக் கேட்டுக்கொண்டே வந்தார். பொரி ஒருத்தர், பழம் ஒருத்தர். ரிக்காரர் எழுந்து, "போன வருசம் மாதிரியே எனர்ஜி டிரிங்க் என்ற உபயம். இந்த வாட்டி ரெண்டு மடங்கு" என்றார். கைதட்டினார்கள்.

நான் எழுந்தேன். என் வீட்டுக்காரர் வீட்டிலேயே, "நீ பேசு, நான் பக்கத்துல நிக்கறேன்" என்று சொல்லியிருந்தார். திரும்பிப் பார்த்தேன். பக்கத்தில் இல்லை, கொஞ்சம் தள்ளி வேப்பமரத்தடியில் நின்றார். இருந்தாலும் நின்றார்.

"புள்ளைகளுக்கு வேண்டாமுங்க" என்றேன்.

"ஆரம்பிச்சுருச்சு டாக்டர் சாமி" என்றார்கள் பின்னாலிருந்து.

குருசாமி சமாதானமாகப் பேசினார். "வேணுங்கறவங்க குடிக்கட்டும், வேண்டாங்கறவங்க உடட்டும். நீங்க ஏன் சாமி மனசைப் போட்டுக் கொழப்பிக்கறீங்க?"

"வேலுக்கு முன்னால வெச்ச பொறகு எந்தப் புள்ளைங்க வேண்டாங்கும்? வேண்டாம்னு சொல்லக் கூடாதுன்னு நீங்கதானே குருசாமி மாலை போடறப்பச் சொல்லறீங்க? பெரியவங்க கடையில வாங்கிக் குடிச்சுக்கட்டுமுங்க, அது அவிங்க பாடு. வேலுக்கு முன்னால வெக்காதீங்க. அவ்வளவுதான் நான் கேக்கறது."

"உபயத்தைத் தடுக்கறது பாவம் அம்மிணி" என்றார் ரிக்காரர். கோபமில்லை, உண்மையிலேயே எனக்காகப் பயந்து சொன்னார்.

"அண்ணா, உங்க மனசை நான் குத்தம் சொல்லலீங்க. ஒண்ணு மட்டும் சொல்லுங்க. பால்ல அபிசேகம் பண்றோம், குடிக்கறோம். எளநில பண்றோம், குடிக்கறோம். கரும்புச் சாறு, தேன், பஞ்சாமிர்தம், எல்லாம் அவன் மேல ஊத்தித்தான் நம்ம வாய்க்கு வருது. இந்த டின்னை உடைச்சு அவன் தலையில ஊத்துவீங்களா?"

அந்தப் பீர் டின் பெரியவர், "ஊத்தலாம், எறும்பு வரும்" என்றார். கூட்டம் கொல்லென்று சிரித்தது. அந்தச் சிரிப்போடு என் பேச்சும் போய்விட்டது. குருசாமி அடுத்த உபயத்துக்கு நகர்ந்துவிட்டார்.

இருந்தாலும் குருசாமி கையாலேயே மூன்று பேரும் மாலை போட்டுக்கொண்டோம். மகளும் வருவேன் என்றாள். "அங்க வந்து சண்டை போடாதேம்மா" என்று மட்டும் கேட்டாள். சண்டை போடமாட்டேன் என்றேன். போடவில்லை.

புறப்படுகிற அன்று எல்லாருக்கும் முன்னால் குளித்துவிட்டுப் போனேன். குட்டியானையில் வேலை நிறுத்தி, பூ சாத்தியிருந்தார்கள். பலகை காலியாக இருந்தது. என் பானக அண்டாவை ஏற்றி அதன்மேல் வைத்தேன். நானும் ஏறி, அண்டாவுக்குப் பக்கத்தில், மிச்சமிருந்த பலகை முழுவதையும் அடைத்துச் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். என் உடம்பும் கொஞ்சம் பெரிய உடம்புதான், அன்றைக்கு உபயோகப்பட்டது.

ரிக்காரர் பெட்டிகளோடு வந்தார். "எறங்கு அம்மிணி, உபயம் வெக்கணும்."

"வெய்யிங்கண்ணா. கீழ வெய்யிங்க. இந்தப் பலகைக்கு வராது."

"என்ன வெளையாட்டு இது?"

"வெளையாட்டு இல்லீங்க. நான் எந்திரிக்க மாட்டேன்."

குருசாமி கற்பூரத் தட்டோடு வந்தார். "சாமி, நல்ல நேரம் போகுது. எந்திரிங்க."

"நீங்க கற்பூரம் காட்டுங்க குருசாமி. நான் கும்பிட்டுக்கறேன். உக்காந்தபடியே கும்பிட்டா அவன் கோவிச்சுக்க மாட்டான்."

ஆட்கள் சுற்றிலும் கூடிவிட்டார்கள். பொம்பளை வேலுக்குப் பக்கத்தில் உட்காரலாமா என்றார் ஒருத்தர். வள்ளி எங்கே உட்கார்ந்தாளாம் என்று யாரோ ஒரு பெண் கேட்டாள். அது யார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. பைப்படியில் சிரித்தவர்களில் ஒருத்தியாகத்தான் இருக்க வேண்டும். ரிக்காரர் முகம் சிவந்துவிட்டது. "போன வருசம் உன்ற புள்ளை வாக்குக் குடுத்துச்சு. போர்ல தண்ணி வந்துச்சு. அது பொய்யா? இந்தப் பிரசாதத்தைக் குடிச்சுத்தானே சாமி எறங்குச்சு?"

நான் பதில் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் கூட்டத்திலிருந்து என் மகள் வந்தாள். சண்டை போடாதே என்று சொன்னவள், என் மானத்தை வாங்கிவிட்டாய் என்று அழப்போகிறாள் என்றுதான் நினைத்தேன். அவள் ரிக்காரருக்கு முன்னால் போய் நின்றாள்.

"மாமா, நான் தலையாட்டலீங்க."

"என்ன சாமி?"

"அன்னைக்கு நீங்க தண்ணி வருமான்னு கேட்டப்ப. நான் ஆட்டலீங்க. தலை தானா நடுங்குச்சுங்க. நிறுத்தப் பாத்தேன், நிக்கலீங்க. நீங்க காலுல விழுந்ததும் எனக்கு இன்னும் பயமாப் போயிருச்சுங்க. செத்துப்போயிருவேன்னு நெனச்சேன். அம்மாவைக் கூப்பிட்டேன். நீங்க அம்மன்னு சொல்லிட்டீங்க."

ரிக்காரர் அவளையே பார்த்துக்கொண்டு நின்றார். அவருக்கும் அதே வயசில் ஒரு பேத்தி உண்டு, அன்றைக்கு மஞ்சள் பாவாடை கட்டிக்கொண்டு அந்தக் கூட்டத்தில்தான் நின்றது. அவர் திரும்பி அதைப் பார்த்தாரா என்று எனக்குத் தெரியாது. குருசாமி தட்டைப் பிடித்துக்கொண்டு யாருக்கும் எரிச்சல் வராமல் எதைச் சொல்வது என்று யோசித்துக்கொண்டிருந்தார்.

"ரெண்டு இஞ்சுத் தண்ணி வந்துச்சே" என்றார் ரிக்காரர், மெதுவாக.

"தண்ணியை முருகன் குடுத்திருப்பானுங்க மாமா. நான் குடுக்கலீங்க."

அவர் ஒரு பெட்டியைத் தானே தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு ஜீப்பை நோக்கிப் போனார். டிரைவர் மற்ற பெட்டிகளைத் தூக்கினான். குருசாமி உடனே கற்பூரத்தை ஏற்றிவிட்டார். அவருக்கு அதுதான் வேண்டியிருந்தது. அரோகரா போட்டோம். நான் பலகையை விட்டு இறங்கினேன். கால் மரத்துப் போயிருந்தது. என் வீட்டுக்காரர் கைகொடுத்தார். இந்த முறை பக்கத்திலேயே நின்றிருந்தார்.

அன்றைக்குப் பலகையில் இருந்தது என் பானகம் மட்டும். பிள்ளைகள் முதலில் முகம் சுளித்தார்கள். பிறகு வெயில் ஏறவும் இரண்டாவது தம்ளர் கேட்டார்கள். முதல் நிறுத்தத்தில் என் மகள்தான் மொண்டு கொடுத்தாள். ரிக்காரர் வரிசையில் கடைசியில் நின்று, வலது கையில் வாங்கி, கண்ணில் ஒற்றிக்கொண்டு குடித்தார்.

"உப்புக் கம்மி அம்மிணி" என்றார் என்னைப் பார்த்து.

"அடுத்த அண்டாவுல போடறேனுங்கண்ணா."

ஊர் திருந்திவிட்டது என்று நான் சொல்லப்போவதில்லை. ஜீப்பில் இருந்த டின்களைப் பெரியவர்கள் போகிற வழியில் வாங்கிக் குடித்தார்கள். எங்கள் பள்ளிக்கூடத்துக்கு எதிர்க் கடையில் அதே சரக்கு சின்ன பிளாஸ்டிக் பாட்டிலில் தொங்குகிறது. பரீட்சை வந்தால் டியூசன் பிள்ளைகள் பைக்குள் வைத்துக்கொண்டு போகிறார்கள். கடைக்காரரிடம் இரண்டு தடவை சொல்லிப் பார்த்தேன். "நீங்க பானகக் கடை போடுங்க அக்கா" என்கிறார். எனக்கு இன்னும் டாக்டர் சாமி என்றுதான் பேர்.

கடை கடையாகப் போய் உட்கார என்னால் முடியாது. வேலுக்கு முன்னால் உட்கார முடியும். வருகிற தைக்கு வேறொருத்தர் பெரிய உபயமாக ஏதோ தரப்போவதாகப் பேச்சு அடிபடுகிறது. என்ன பொருள் என்று இன்னும் சொல்லவில்லை. பலகை எவ்வளவு அகலம் என்று எனக்குத் தெரியும். இந்த முறை என் மகளும் ஏறி உட்காருவதாகச் சொல்லியிருக்கிறாள்.